பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்!



இன்று ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளப் போகிறேன். தவறு என் மாணவனுடையது அன்று, என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்தான். அவனுடைய பிறந்தநாளுக்குத் தந்தையார் இரண்டடி நீள மீன்தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கித் தந்திருந்தார். மூன்றாம் வாரத்திலேயே தண்ணீர் பச்சையாகக் கலங்கி, மீன்களே கண்ணுக்குத் தெரியவில்லையாம். "என்ன செய்யலாம் ஐயா?" என்று கேட்டான். என் மேசையில் திருத்த வேண்டிய பயிற்சி நூல்கள் குவிந்து கிடந்தன. நிமிர்ந்தும் பாராமல் சொன்னேன்: "அழுக்குச் சேர்ந்துவிட்டது. தொட்டியை நன்றாகக் கழுவி, தண்ணீரை முழுவதும் மாற்று."

அவன் அப்படியே செய்தான். நான்கே நாளில் மீண்டும் பச்சை! மீண்டும் கழுவினான். வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினான். இரண்டு வாரத்தில் ஆறு மீன்களும் இறந்துபோயின. "நான் சரியா கழுவல போலிருக்கு ஐயா" என்றான். அந்தச் சொல் என்னைச் சுட்டது. உண்மையில் அவன் அளவுக்கு மேல் கழுவியிருந்தான். கழுவச் சொன்னவன் நான்.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். என் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்துப் பழகினேன். கற்றதைச் சொல்கிறேன்.

பச்சைத் தண்ணீர் அழுக்கு அன்று. அது நீரில் மிதக்கும் ஒற்றை உயிரணுப் பாசி. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ அதனினும் சிறியதோதான். ஆகவே, சாதாரணப் பஞ்சு வடிகட்டியில் அது நிற்பதில்லை; நுழைந்து வெளியேறிவிடும். (புதுத் தொட்டியில் பால்போல் வெண்மையாகக் கலங்குவது வேறு, அது பெரும்பாலும் பாக்டீரியாவின் பெருக்கம்.)

பாசி பெருக இரண்டு வேண்டும்: ஒளி, உணவு. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம் பகல். சன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்தால் ஒளிக்குக் குறைவே இல்லை. உணவு எங்கிருந்து வருகிறது? நாம் அள்ளிப் போடும் மீன் தீனியிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் வருகிறது. அவற்றிலிருந்து உண்டாகும் அம்மோனியா, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு ஆகியவையே பாசிக்கு உரம். இரண்டடித் தொட்டிக்கு ஆறு தங்கமீன்கள் மிக அதிகம் என்பதையும் நான் பிறகே அறிந்தேன்.

தண்ணீரை மாற்றினால் ஏன் தீர்வதில்லை? கணக்கைப் பாருங்கள். பாதித் தண்ணீரை மாற்றினால் பாதிப் பாசி மீதம் இருக்கும். ஏற்ற சூழலில் பல வகைப் பாசிகள் ஒரே நாளில் இரட்டிப்பாகும். அப்படியானால் மறுநாளே பழைய பச்சை! முழுவதும் மாற்றினாலும் கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டிய சிறிதளவு பாசி போதும். சில நாளில் திரும்பிவிடும்.

அத்துடன், வடிகட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா குடியிருக்கிறது. மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை அது நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. குளோரின் கலந்த குழாய்நீரில் பஞ்சை அலசினால் அந்தப் பாக்டீரியா மடியும். தொட்டியில் அம்மோனியா ஏறும். என் மாணவனின் மீன்களைப் பச்சைத் தண்ணீர் கொல்லவில்லை. தங்கமீன் குஞ்சுகளைப் பச்சைத் தண்ணீரிலேயே வளர்ப்போரும் உண்டு. நாம் செய்த 'சுத்தம்'தான் கொன்றது.

சரி, என்னதான் செய்வது?

1. தொட்டியை வெயில் படாத இடத்திற்கு மாற்றுங்கள். விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரத்திற்கு மேல் எரிய விடாதீர்கள்.

2. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். மீன்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

3. தொட்டியை 3 அல்லது 4 நாள் கெட்டியான கருந்துணியால் முழுவதும் மூடிவிடுங்கள். அந்நாள்களில் தீனி வேண்டா. நலமான வளர்ந்த மீன்கள் தாங்கும். ஆனால், காற்றுக் குழாய் ஓடியே ஆக வேண்டும். மடியும் பாசி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும்.

4. திறந்த பிறகு நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை மாற்றுங்கள். புதுநீரில் குளோரின் நீக்கி கலந்து ஊற்றுங்கள். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாக அலசுங்கள்.

5. விரைவாக வளரும் நீர்ச்செடிகளை வையுங்கள். பாசியின் உரத்தை அவை பங்கிட்டுக்கொள்ளும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் புற ஊதாக்கதிர் விளக்குப் பொருத்திய வடிகட்டி உண்டு. அதன் வழியே செல்லும் நீரிலுள்ள பாசி மடியும். அந்த விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அதுவும் உரத்தை நீக்காது என்பதை மறவாதீர்கள். செம்பு கலந்த பாசிக்கொல்லி மருந்துகள் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

"இவ்வளவு தொல்லை எதற்கு? தொட்டியையே தூக்கி எறிந்துவிடலாமே!" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். எறியலாம். ஆனால், பிள்ளை கேட்ட கேள்வியையும் சேர்த்தல்லவா எறிகிறோம்?

பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன் என்கிறோம். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனனம் செய்ய வைக்கிறோம். 2021 இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டும் இந்த மனனப் பழக்கம் நம்மை விட்டு முற்றாக அகலவில்லை. வீட்டிலேயே ஓர் ஆய்வு காத்திருக்கிறதே! ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் பச்சைத் தண்ணீரை மட்டும் சம அளவில் நிரப்புங்கள், மீன் வேண்டா. ஒன்றைச் சன்னலில் வையுங்கள். மற்றதை இருட்டான அலமாரியில் வையுங்கள். நாள்தோறும் நிறத்தைப் பிள்ளையே குறித்து வரட்டும். காரணத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாணவன் ஐந்தாம் ஆண்டுக்கு வந்தபோது அவனை அழைத்து, "மீன் இறந்தது உன் தவறன்று; தெரியாததைத் தெரிந்ததுபோல் நான் சொன்னதால் நடந்தது" என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்ப திரும்ப வளர்க்கலாமா ஐயா?" என்று கேட்டான். இந்த முறை இரண்டு போத்தல்களோடு தொடங்கினோம். ஆறாம் நாள் அலமாரிப் போத்தலில் நீர் வெளிறி, அடியில் பச்சைப் படிவு தங்கியிருந்தது. அதை வகுப்புக்கே தூக்கி வந்து காட்டினான்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! அடுத்த முறை ஒரு பிள்ளை நம்மிடம் வந்து கேட்கும்போது நிமிர்ந்து பார்ப்போம். தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வோம். அதன் பிறகு வாளியைத் தூக்கலாம்.