கழற்றிப் போட்ட எயார் பொக்ஸும் காணாமல் போகும் பெற்றோலும்

குரூசர் பைக்கை மொடிபை பண்ணிவிட்டு "சேர், லீற்றருக்கு 25க்கு மேல ஓடுதில்ல, என்ன செய்யலாம்?" என்று கேட்கிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

"குரூசர் வாங்கினவன் பெற்றோல் கணக்குப் பார்ப்பானா?" என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அறுகம்பைக்கு ஓடிவிட்டு மற்ற ஆறு நாளும் உறை போட்டு மூடி வைக்கிறவருக்கு அது பொருந்தும். எங்கள் பக்கத்தில் அப்படியானவர்கள் எத்தனை பேர்? கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிறவர், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் படிப்பிக்கப் போகிறவர், இவர்களுக்கு அந்த அவெஞ்சர்தான் பஸ், அதுதான் கார், அதுதான் பெருநாளைக்குக் குடும்பத்தோடு போகிற வாகனமும். போய்வர 80 கிலோமீற்றர், மாதம் 20 நாள் என்றால் 1,600 கிலோமீற்றர். லீற்றருக்கு 25 ஓடினால் 64 லீற்றர் வேண்டும். 35 ஓடினால் 46 லீற்றர் போதும். இடையில் 18 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 5,400 ரூபா. ஆசிரியர் சம்பளத்தில் அது ஒரு பிள்ளையின் ரியூஷன் காசு.

2022ஐ மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். 25 ஓடுகிற பைக்குக்கு 4 லீற்றர் என்றால் 100 கிலோமீற்றர். 80 கிலோமீற்றர் போய்வருகிறவருக்கு இரண்டாம் நாளே முடிந்தது. 40 ஓடுகிற சாதாரண பைக்காரர் அதே 4 லீற்றரில் இரண்டு நாளும் போய் வந்தார். அந்த நாட்களில்தான் மொடிபிகேஷனின் உண்மையான விலை பலருக்குத் தெரிந்தது. செட்டில் வரிசை குறைந்ததும் அதுவும் மறந்துபோனது.

எங்கள் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறோம். மொடிபை பண்ணிய குரூசரில் காணாமல் போகிற பெற்றோலில் பெரும் பங்கு எயார் பொக்ஸைக் கழற்றிய இடத்தில்தான் போகிறது. அதை விட்டுவிட்டு எஞ்சினைத் திறப்பதும், பெற்றோலில் எதையாவது கலப்பதும் வீண் செலவு.

ஏன் என்று விளக்குகிறோம். யூடியூபில் ஹார்லிக்குப் பெரிய எயார் கிளீனரும் திறந்த சைலன்சரும் போடுவதைப் பார்த்துவிட்டு அதையே இங்கே செய்கிறார்கள். ஹார்லி பெரும்பாலும் ஆயிரம் சீசீக்கு மேற்பட்ட எஞ்சின். இன்ஜெக்ஷன் உள்ள மொடலுக்கு அந்த இரண்டையும் போட்டால் கம்பியூட்டர் பெட்டியில் பெற்றோல் கணக்கையும் சேர்த்து மாற்றுவார்கள். எங்கள் ஊரில் ஓடுகிற பழைய அவெஞ்சரில் இருப்பது காபரேட்டர், அதுவும் சீவீ வகை. இதில் நாம் த்ரொட்டிலைத் திருகினால் ஸ்லைட் நேராக மேலே ஏறாது. எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் வெற்றிட அழுத்தம்தான் றப்பர் டயபிரத்தை இழுத்து ஸ்லைடைத் தூக்குகிறது. அந்த அழுத்தம் சீராக இருக்கவேண்டும் என்றுதான் கம்பெனிக்காரன் இருக்கைக்குக் கீழே அவ்வளவு இடத்தை அடைத்து ஒரு பெட்டியை வைத்தான். அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரியான திறந்த பில்டர் ஒன்றை மாட்டினால் காற்று குழம்புகிறது. நடு வேகத்தில் பெற்றோல் போதாமல் பைக் திக்கும். சைலன்சரையும் திறந்துவிட்டிருந்தால் இன்னும் திக்கும்.

அடுத்தது கராஜில் நடப்பது. திக்குகிறதா, பெரிய மெயின் ஜெட் போடு. ஆனால் மெயின் ஜெட் முக்கியமாக வேலை செய்வது த்ரொட்டில் முக்கால்வாசிக்கு மேல் திறந்திருக்கும்போது. 50, 60இல் வேலைக்குப் போகிறவரின் த்ரொட்டில் கால்வாசிதான் திறந்திருக்கும். அந்த இடத்தை ஆளுவது பைலட் ஜெட்டும் ஊசியும். ஆகவே ஜெட் மாற்றியும் திக்கல் நிற்காது. பிறகு ஊசிக்கு அடியில் வாஷர் வைத்து உயர்த்துவார்கள். இப்போது திக்கல் நின்றுவிடும், ஏனென்றால் ஓடுகிற வேகம் முழுவதிலும் தேவைக்கு மேல் பெற்றோல் போகிறது. பைக் நன்றாக இழுக்கிற மாதிரியும் இருக்கும். பாஸுக்கும் சந்தோஷம், தம்பிக்கும் சந்தோஷம். பில் வருவது செட்டில்.

பாஸ்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காதால் கேட்டே எஞ்சினின் வருத்தத்தைச் சொல்லுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று அளந்து பார்த்துக் காசு வாங்கும் வழக்கம் எங்கேயும் இல்லை. வாடிக்கையாளரும் கேட்பதில்லை.

பைக் அதிகம் குடிக்கிறதா என்று பார்க்கப் பிளக்கைக் கழற்றினால் போதும். வழமையான வேகத்தில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு பாருங்கள். கரிபோலக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூட. வெள்ளையாக இருந்தால் குறைவு, சூடு ஏறி எஞ்சின் கெடும். வெளிர் மண்ணிறம்தான் சரி. கறுப்பாக இருந்தால் பழைய எயார் பொக்ஸைத் திருப்பிப் போட்டு, கம்பெனி அளவு ஜெட்டையும் போட்டு, ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்யவேண்டும். சைலன்சரையும் மாற்றினால் இன்னும் நல்லது. இஷாத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வீதியால் போகும்போது உங்களுக்கு யாரும் திட்டவும் மாட்டார்கள்.

இதற்கு அடுத்தது டயர். அவெஞ்சர் 220க்குப் பின்னால் கம்பெனி போட்டது 130/90-15. அதுவே அகலமானது. அதற்கும் மேல் அகலமாகப் போட்டால் பாரம் கூடும், பல டயர்களில் உருளும் தடையும் கூடும், சில வேளை செயின் பக்கம் உரசவும் செய்யும். காற்றை வாரம் ஒருமுறை, டயர் குளிராக இருக்கும்போது பாருங்கள். எங்கள் கரையோரத்துக்கு இன்னொரு விசயமும் உண்டு, அது உப்புக் காற்று. முன் பிரேக் கலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகினால் பேட் விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கூட வராமல் நின்றால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். மணல் ஒட்டி வறண்டுபோன செயினும் இப்படித்தான்.

உயரமான ஹேண்டிலும் அகலமான கண்ணாடித் தடுப்பும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கையை விரித்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தால் நாமே ஒரு பாய்மரம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60இல் இருக்கும் தடை 80இல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டே இதைச் சொல்லிவிடுவார்கள். காரைதீவு தாண்டியதும் 80இல் விரட்டுகிறவர் எந்த ஜெட்டைப் போட்டும் பிரயோசனம் இல்லை.

முன் ஸ்புரொக்கட்டில் ஒரு பல் கூட்டினால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். 15ஐ 16 ஆக்கினால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று 6 சதவீதம் அளவில் குறையும், அது உண்மை. தனியாகச் சமதரையில் போகிறவருக்கு உதவலாம். மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓடுகிறவர் அடிக்கடி கியர் குறைப்பார், கிளச்சைத் தேய்ப்பார். நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 95 ஒக்டேன் அடித்தால் கூட ஓடும் என்பதும் அப்படித்தான். 92இல் நொக்கிங் இல்லாமல் ஓடுகிற எஞ்சினுக்கு 95 கூடிய விலை மட்டுமே. பெற்றோல் குழாயில் மாட்டுகிற காந்தம், மாத்திரை, திரவம் இவற்றை விற்கிறவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படியான 100க்கும் மேற்பட்ட சாமான்களைச் சோதித்திருக்கிறது. மிகச் சிலதான் ஏதோ கொஞ்சம் பயன் தந்தன.

எதைச் செய்வதற்கும் முன்னால் அளந்துகொள்ளுங்கள். மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லுகிற கணக்கு கணக்கே இல்லை. ஒரே செட், ஒரே பம்ப், பைக்கை நேராக நிறுத்தி விளிம்பு வரை நிரப்பி, மீட்டரைக் குறித்து, ஓடி, மறுபடி அதே மாதிரி நிரப்பிப் பிரித்துப் பாருங்கள். மூன்று தடவையாவது செய்யவேண்டும். டயர் சைஸ் மாற்றியவர்கள் மீட்டரை நம்ப வேண்டாம். கிலோமீற்றர் கணக்கு எடுக்கிற சக்கரத்தின் டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டும், சிறிதானால் கூட்டிக் காட்டும். ஏ4 வீதியோரக் கிலோமீற்றர் கட்டைகளில் பத்தை எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள், அல்லது போனில் ஜீபீஎஸ் போடுங்கள்.

ஒரு வேலை செய்தால் ஒருமுறை அளப்பது. நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று ஒருவருக்கும் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய எயார் பொக்ஸைக் குப்பைக்குக் கொடுத்தவர்கள் பலர், இப்போது திருப்பிப் போட நினைத்தாலும் சாமான் தேடி அலைகிறார்கள். உங்கள் வீட்டு ஸ்டோர் அறையிலோ கராஜ் மூலையிலோ உடையாத எயார் பொக்ஸ், பழைய ஜெட், கம்பெனி சைலன்சர் கிடந்தால் மொடலையும் ஊரையும் கீழே எழுதுங்கள். தேவையானவர்களோடு தொடர்புபடுத்தி விடுகிறோம். மூன்று டேங்க் அளந்தவர்கள் முன்னும் பின்னும் வந்த கணக்கையும் எழுதுங்கள், குறைந்திருந்தாலும் சரி.