பள்ளியில் செவிலியம்

1978-ஆம் ஆண்டு தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. அப்பிரிவுப் பாடங்களுள் செவிலியமும் ஒன்று. காய்ச்சல் பார்த்தல், கட்டுப் போடுதல், இரத்த அழுத்தம் அளத்தல், முதலுதவி ஆகியவற்றைப் பதினாறு வயதிலேயே கற்பது வீட்டிற்கும் ஊருக்கும் நன்மையே. ஆனால் வளர்ந்தவர்களின் நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும் என்று எழுதி மதிப்பெண் பெறுவது வேறு; தளர்ந்த முதியவரின் மணிக்கட்டைப் பிடித்து அதனை எண்ணுவது வேறு. ஆகவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையே இம்மாணவியரின் இரண்டாவது வகுப்பறையாக வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் ஒருவரைப் பதிவு பெற்ற செவிலியர் ஆக்கிவிடாது. அதற்குப் பட்டயமோ பட்டமோ தேவை. இதை அறியாமல் படித்து, பின்னர் வெள்ளை உடுப்பு அணிந்து சொற்பச் சம்பளத்திற்கு ஊசி போடும் ஏழைப் பெண்களை எங்கள் ஊரில் நான் கண்டிருக்கிறேன். ஏமாறுபவர் அவர்கள் மட்டுமா? நம்பிக் கை நீட்டும் நோயாளியும் அல்லவா!

பள்ளியில் சேரும் நாளிலேயே இவ்வுண்மையைச் சொல்லுங்கள். மேற்படிப்பிற்கு வழியும் காட்டுங்கள். தொண்டு செய்ய முன்வரும் பிள்ளைகளைப் பாதி வழியில் நிறுத்துவது நியாயமன்று.