புத்தகத்தில் இருக்கும் பெயர்

ராயபுரத்து நண்பர் தம் ஆஸ்டின் ஏ40 காரைத் தரகரில்லாமல் நேரிலேயே விற்றுவிட்டார். 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறுமுன், அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டிய வண்டி. கடற்காற்றில் துரு அண்டாமல் காத்தது சாமானிய காரியமா!

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. "வாங்கினவர் கௌரவமான மனுஷர், பார்த்துக்கொள்வார்" என்கிறார். இதைப் பெருந்தன்மை என்கிறார்கள். நான் சோம்பேறித்தனம் என்கிறேன். விற்ற 14 நாளுக்குள் தெரிவிப்பது விற்றவரின் கடமை என்கிறது 1988-ம் வருஷச் சட்டம். இன்ஷூரன்ஸ் இல்லாத அந்த வண்டி நாளை திருவொற்றியூரில் ஒரு கூலியாளின் காலை முறித்தால், அவன் நஷ்டஈட்டுக்காகக் கைமாறிய ஆட்களையெல்லாம் தேடி அலைய வேண்டுமா? வேண்டாம், புத்தகத்தில் பெயருள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

சொன்னேன். நண்பருக்குக் கோபம். படிவம் 29 இன்னும் அவர் மேஜைமேல்தான் கிடக்கிறது.