எல்லை வழக்கு: கட்டளையில் பிழை என்றால் திருத்தமா, மேன்முறையீடா?

மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கல்முனைக் கரையோரத்தில் வீடுகள் மதிலோடு மதிலாக நெருங்கியிருக்கின்றன. கடலோர வளவுகளின் வேலிகளையும் எல்லை அடையாளங்களையும் 2004 டிசம்பர் 26 சுனாமி அள்ளிச் சென்றது. பழைய உறுதிகள் பலவற்றில் இருப்பது ‘வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை’ என்ற வரிகள் மட்டுமே. இதனால் ஒருவர் மதில் கட்டத் தொடங்கும்போது பிணக்கும் தொடங்குகிறது.

இத்தகைய பிணக்கு முதலில் பெரும்பாலும் பொலிஸுக்குப் போகிறது. சமாதானக் குலைவு ஏற்படக்கூடும் என்று கருதினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதவானிடம் அறிக்கையிடுவர். அங்கு உறுதி யாருடையது என்பது பிரதான கேள்வி அல்ல. அறிக்கையிட்ட நாளில் காணி யாருடைய கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் எவராவது பலாத்காரமாக வெளியேற்றப்பட்டாரா என்பவையே பார்க்கப்படும். 1982இல் இராமலிங்கம் எதிர் தங்கராஜா வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது.

இக்கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு இல்லை என்று 74ஆம் பிரிவு கூறுகிறது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கோரலாம். ஆனால் அது நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு உட்பட்டது. தாமதமும் பாதகமாக அமையும். அதேவேளை, காணியின் உரிமையை மாவட்ட நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதற்கு நீதவானின் கட்டளை தடையல்ல. ‘நீதவான் சொல்லிவிட்டார், எல்லாம் முடிந்தது’ என்று ஒதுங்கி, அடுத்தவரைப் பத்து ஆண்டுகள் ஆள விட்டால், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர் உரிமை கோர இடமுண்டு.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பில் பிழை இருந்தால், அது என்ன வகைப் பிழை என்பதே முக்கியம். நில அளவையாளரின் படத்தை ஏற்றுக்கொண்ட நீதிபதி 8 பேர்ச்சஸ் என்பதை 3 என்று எழுதிவிட்டால், அல்லது வடக்கும் தெற்கும் மாறிவிட்டால், அது கைப்பிழை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 189ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றம் அதை எந்நேரத்திலும் திருத்தலாம். மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

ஆனால் நீதிபதி ஏற்றுக்கொண்ட படமே தவறு என்பது உங்கள் வாதமானால், அது கைப்பிழை அல்ல. அதற்கு மேன்முறையீடே வழி. தீர்ப்பு நாள், சமர்ப்பிக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை நீங்கலாக 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலையும், தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவையும் மாவட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும். விசாரிப்பது 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம். இறுதித் தீர்ப்பல்லாத இடைக்காலக் கட்டளையானால் முதலில் அனுமதி பெற வேண்டும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ‘முதலில் திருத்தம் கேட்டுப் பார்ப்போம்’ என்று காத்திருப்பதால் அந்த 14 நாட்கள் நிற்கப்போவதில்லை. திருத்த விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது மேன்முறையீட்டுக் காலமும் கடந்திருக்கும்.

ஆகவே தீர்ப்புக் கிடைத்த வாரத்திலேயே அதன் அட்டவணையை நில அளவைப் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தின் இலக்கம், துண்டு இலக்கம், பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவை பொருந்துகின்றனவா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். கைப்பிழையா, தீர்ப்பின் பிழையா என்று ஐயம் இருந்தால், அறிவித்தலைக் காலத்துக்குள் கொடுத்துவிட்டுத் திருத்தம் கேட்பதே பாதுகாப்பானது.