தண்ணீர் நிற்காத மண்ணில் உரமும் நிற்காது

மண்ணும் மகசூலும் – கேள்வி பதில் பகுதி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன். ஜீயபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

"லால்குடி பக்கம் களிமண்ணில் நெல்லும் வாழையும் செய்தவர்கள் நாங்கள். போன வருஷம் காவிரிப் படுகையில் 2 ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, நகையை அடகு வைத்துப் பூவன் போட்டோம். மூன்றாம் மாதம் கன்றுக்கு 200 கிராம் யூரியா ஒரே தடவையாக வைத்து, அன்றைக்கே தண்ணீர் நிறையக் கட்டினோம். இப்போது ஐந்தாம் மாதம். அடி இலையெல்லாம் மஞ்சள். பக்கத்து வயல்காரர் எங்களைவிடக் குறைவாகத்தான் உரம் போட்டார், அவர் வாழை கருகருவென்று நிற்கிறது. உரக்கடையில் இன்னொரு மூட்டை யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

சகோதரி, அந்த மூட்டையை இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் போட்டது குறைவில்லை. போட்ட உரம் வேருக்குக் கீழே போய்விட்டது என்பதுதான் என் கணிப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

ஆறு கொண்டுவந்த மண்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. இந்த இரண்டு ஆறுகளின் கரையோர நிலமும் ஆறே கொண்டுவந்து போட்டது. வேகமாக ஓடும் வெள்ளம் கனமான மணலை முதலில் இறக்கும். வேகம் குறையக் குறைய நுண்மணலும் வண்டலும் இறங்கும். தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில்தான் களி படியும். ஆகவே கரையை ஒட்டிய படுகையில் பாதிக்கு மேல் மணல், களி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆற்றைவிட்டு உள்ளே போகப் போகக் களி கூடும். நீங்கள் லால்குடி பக்கம் பார்த்த மண் அது.

ஒரு வெள்ளம் மணலைப் போடும், அடுத்த வெள்ளம் அதன்மேல் வண்டலைப் போடும். அதனால் படுகை மண் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு வயலில் மேலே இரண்டடி வண்டல் இருக்கலாம். வரப்பு தாண்டினால் முக்கால் அடியிலேயே வெறும் மணல் தட்டலாம். பக்கத்து வயல் செழிப்பாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மண்தான். தோண்டினால்தான் தெரியும்.

1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. முன்போல ஆறே வந்து படுகைக்கு உரம் போடும் என்று இருக்க முடியாது.

நல்ல மண்தான், ஆனால் சேமிக்காது

வாழைக்கு இந்த மண் ஏற்றது. வாழை வேருக்குக் காற்று வேண்டும், தண்ணீர் தேங்கினால் அழுகும். மழை பெய்த மறுநாளே படுகையில் இறங்கி வேலை பார்க்கலாம். கிழங்கும் வேரும் தடையில்லாமல் ஓடும். குறை ஒன்றுதான். வாங்கியதைக் கையில் வைத்துக்கொள்ளாது.

கணக்காகப் பார்ப்போம். வாழையின் வேரில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடியில்தான் இருக்கிறது. உங்கள் மண் அந்த ஒன்றரை அடிக்குள் பயிருக்குப் பயன்படும்படி பிடித்து வைப்பது சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது 2 அங்குலம். அதில் பாதி தீர்ந்ததும் நீங்கள் அடுத்த தண்ணீர் கட்டுகிறீர்கள் என்றால், மண்ணில் காலியாக இருப்பது ஒரு அங்குல இடம். களிமண் பழக்கத்தில் 3 அங்குலம் கட்டினால் மீதி 2 அங்குலம் வேரைத் தாண்டிக் கீழே போகும். ஏக்கருக்கு அது 2 லட்சம் லிட்டர்.

அது தனியாகப் போவதில்லை. யூரியா தண்ணீரில் உடனே கரையும். மண்ணில் சில நாளில் அமோனியமாகவும், ஓரிரு வாரத்தில் நைட்ரேட்டாகவும் மாறும். அமோனியத்தைக் களித் துகள்கள் ஓரளவு பிடித்துக்கொள்ளும். யூரியாவையும் நைட்ரேட்டையும் எந்த மண்ணும் பிடிப்பதில்லை. நீங்கள் யூரியா வைத்த அன்றே நிறையத் தண்ணீர் கட்டியதால், அது அமோனியமாக மாறுவதற்கு முன்பே ஒரு பங்கு இறங்கியிருக்கும். மீதி அடுத்தடுத்த பாசனத்தில் இறங்கியிருக்கும். சாம்பல் சத்தும் மணலில் ஓரளவு நழுவும்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், கொள்ளிடக் கரையில் ஒரு பெரியவருக்குக் களிமண் வயலுக்குச் சொல்வதையே எழுதிக்கொடுத்தேன். அந்த வருஷம் அவர் தார்கள் இளைத்துவிட்டன. அவர் என்னிடம் சண்டை போடவில்லை. மண்வெட்டியை எடுத்து வாழைக்குப் பக்கத்தில் இரண்டடி தோண்டி, உள்ளிருந்து ஒரு கை மணலை அள்ளி என் கையில் கொட்டினார். அதற்குப் பிறகு குழி தோண்டிப் பார்க்காமல் நான் யாருக்கும் உரக் கணக்கு சொல்வதில்லை.

முதலில் மூன்று சோதனை

கடிதத்தை வைத்து முழுதாக முடிவு செய்யக் கூடாது. பணம் செலவழிக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. வயலில் மூன்று இடத்தில் மூன்றடி குழி எடுங்கள். எத்தனை அங்குலத்தில் மணல் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேல் மண்ணை ஈரமாக்கி உருட்டுங்கள். உருண்டை பிடித்து, நாடாவாக நசுக்கும்போது ஒரு அங்குலத்துக்குள் உடைந்தால் அது மணற்பாங்கான வண்டல். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களி.

2. மஞ்சளான ஒரு மரத்தின் தண்டை அடியில் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் இருந்தால் அது வாடல் நோயாக இருக்கலாம். அதற்கு யூரியா மருந்தல்ல.

3. வேரைப் பறித்துக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாகவோ, பிளந்தால் உள்ளே செங்கருப்பாகவோ இருந்தால் நூற்புழு. மணல் மண்ணில் இதன் தொல்லை அதிகம். சந்தேகம் இருந்தால் தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு வேரையும் மண்ணையும் எடுத்துப் போங்கள். 1993 முதல் வாழைக்கென்றே இயங்குகிற நிறுவனம், உங்கள் ஊருக்குத் தொலைவும் இல்லை.

தண்டும் வேரும் சுத்தமாக இருந்து, அடி இலையிலிருந்து சீராக மஞ்சள் ஏறினால் அது தழைச்சத்துக் குறை. இலை ஓரம் மட்டும் காய்ந்து சுருண்டால் சாம்பல் சத்துக் குறையும் உண்டு.

இனி என்ன செய்வது

தோட்டக்கால் வாழைக்கு மரத்துக்கு வருஷத்துக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல் சத்து என்பது பொதுப் பரிந்துரை. யூரியாவாக 240 கிராம், பொட்டாஷாக 550 கிராம். இதை 3, 5, 7-ஆம் மாதங்களில் மூன்றாகப் பிரித்து வைக்கச் சொல்வோம். படுகைக்கு மூன்று போதாது. மொத்த அளவைக் கூட்டாதீர்கள், தவணையைக் கூட்டுங்கள்.

இப்போது மரத்துக்கு 40 கிராம் யூரியா, 80 கிராம் பொட்டாஷ் வையுங்கள். பிறகு 3 வாரத்துக்கு ஒருமுறை இதே அளவு, மொத்தம் 5 தவணை. தண்ணீர் கட்டிய மறுநாள், ஈரத்தில், தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வைத்து மண் மூடுங்கள். அடுத்த பாசனம் வரை விட்டுவிடுங்கள். புதிதாக விரியும் இரண்டு இலைகளின் நிறமே பதில் சொல்லும். மஞ்சளான பழைய இலை பச்சையாகத் திரும்பாது. அதைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கூட்ட வேண்டாம். மண் பரிசோதனை முடிவு வந்தால் அதற்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர், கோடையில் 4 நாளுக்கு ஒருமுறை ஒரு அங்குலம். நீண்ட வாய்க்காலாக விட்டால் தலைமாட்டு மண்ணே பாதியைக் குடித்துவிடும். வாய்க்காலைக் குட்டையாக்கி, பாத்தி பாத்தியாகப் பாய்ச்சுங்கள். இந்த மண்ணுக்கு மிகவும் பொருந்துவது சொட்டுநீர்தான். உரத்தையும் அதிலேயே கரைத்து விடலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. குத்தகை நிலத்துக்கு என்ன காகிதம் வேண்டும் என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

வெட்டிய இலை, சருகு எதையும் வெளியே கொட்டாதீர்கள். வாழையடியில் பரப்புங்கள். வரிசை நடுவில் சணப்பு விதைத்துப் பூக்கும் சமயம் மடக்கி உழுங்கள். மணலுக்குத் தண்ணீரைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது மக்குதான்.

குடிதண்ணீரையும் பாருங்கள்

வயலோரத்து அடிபம்பில் தண்ணீர் எடுக்கிறோம் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கீழே இறங்கிய நைட்ரேட் கடைசியில் போய்ச் சேர்வது அந்த ஊற்றில்தான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. குளிர் நாடுகளில் ஒரு காலத்தில் பெரும் பனிப்பாறைகள் உருகி ஓடிய வெள்ளம் மணலைப் பரப்பியிருக்கிறது. ஆறு செய்ததையே அங்கே பனிநீர் செய்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் நடுப்பகுதி அப்படிப்பட்ட மண். நீர் தேங்காது, உருளைக்கிழங்கு அமோகமாக வருகிறது. அங்கும் கிணற்று நீரில் நைட்ரேட் ஏறி, குடிப்பதற்குச் சிக்கலாகியிருக்கிறது.

நம் நாட்டில் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் அனுமதி. அதற்கு மேல் போனால் பச்சிளம் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலம் பூக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக் குடிநீர் ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவு வரும்வரை கைக்குழந்தைக்குப் பால்பொடி கலக்க அந்தத் தண்ணீர் வேண்டாம்.

சுருக்கமாக இரண்டு

*படுகை நிலத்தில் ஏரி வண்டல் அடிக்கலாமா?* – முசிறி வாசகர்.

அடிக்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் கனம் பரப்ப சுமார் 14 யூனிட் வேண்டும், வண்டிக்கூலியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த நிலம் என்றால் செய்யுங்கள், ஓராண்டுக் குத்தகைக்குக் கட்டாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஏரியில் கை வையுங்கள். முதலில் ஒரு கிலோ வண்டலைப் பரிசோதியுங்கள். களர் ஏரி வண்டலை நல்ல மண்ணில் கொட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

*எங்கள் வயலில் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது.* – மணிகண்டம் வாசகர்.

உங்களுடையது இதற்கு நேர் எதிர், களர் மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். மண் பரிசோதனை சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு, தண்ணீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுங்கள். நெல்லில் திருச்சி 3 களரைத் தாங்கும். நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் நேரில் கேளுங்கள்.

சகோதரி, குழியைத் தோண்டிவிட்டு மணல் எத்தனை அங்குலத்தில் தட்டியது என்று ஒரு கார்டு போடுங்கள். பூ தள்ளுவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. தோட்டத்தைத் தேற்ற இது போதுமான நேரம்.