சாலைச் சாவுக்கு யார் பொறுப்பு?

சேலம்–பெங்களூர் நெடுஞ்சாலை ஓமலூர் வட்டாரத்தைப் பிளந்துகொண்டு போகிறது. பல கிராமங்களில் வீடு ஒரு பக்கம், காடுகழனி மறு பக்கம். சாலையைத் தாண்டாமல் கூலிக்குப் போக முடியாது. தாண்டுகிறவர் அடிபட்டு மாண்டால், “விதி முடிந்தது” என்கிறது ஊர். “கவனக்குறைவு” என்று எழுதுகிறது போலீஸ். இரண்டிலும் செத்தவரே குற்றவாளி!

மில் தொழிலாளருக்கு இந்தப் பேச்சு பழகியதுதான். பெல்ட்டில் கை சிக்கினால் “தூங்கி வழிந்தான்” என்பார்கள் முதலாளிகள். அந்த வாதத்தைத் தொழிலாளர்கள் ஏற்கவில்லை. சுற்றும் யந்திரத்துக்குக் காப்பு வேலி போடுவது நிர்வாகத்தின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு விதித்தது. இரவு ஷிப்டில் மனிதன் கண் அசருவான். அதற்குத் தண்டனையாகக் கையை இழக்க வேண்டுமா என்பதே அதன் நியாயம். நெடுஞ்சாலையும் ஒரு யந்திரந்தான். அதற்கு வேலி எங்கே?

2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுவதும் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள், 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். நாட்டுச் சாலைகளின் நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை நூற்றுக்கு இரண்டு பங்குதான். சாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

செத்த பிறகும் பேதம் ஒழிவதில்லை. நஷ்டஈட்டு வழக்கில் மாண்டவரின் வருமானத்தை வைத்துத்தான் உயிருக்குக் கணக்குப் போடுகிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தை 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்தார்கள். மினி லாரியில் நின்றுகொண்டு களையெடுக்கப் போகும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. ஏது? சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் அபராதம் போடுகிறார்கள். போடட்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பெண்கள் ஏற பஸ் விட்டார்களா?

அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக சர்க்கார் தொடங்கியது. நல்ல காரியம், பல உயிர்களைக் காக்கும். ஆனால் அது அடிபட்ட பிறகு. அடிபடாமல் காக்க என்ன செய்தார்கள்? தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதுவது நெடுநாள் அறிந்த சங்கதி. 2020 டிசம்பரில் அங்கே கார்கள் நசுங்கி நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மறுபடியும் லாரி மோதிச் சாவு.

சாலையில் மனிதன் தவறு செய்வான், அதற்கு அவன் உயிரே விலையாகக் கூடாது என்று ஸ்வீடன் நாட்டுப் பார்லிமெண்ட் 1997-இல் தீர்மானித்தது. சாலை போடுகிறவர்களையும் பொறுப்பாளிகளாக்கியது. ஓமலூர் சுங்கச்சாவடியில் கார், லாரிகளிடம் பணம் வசூலாகிறது. ஊர் தாண்டும் இடங்களில் சுரங்கப் பாதை, விளக்கு, சைக்கிளுக்குத் தனிப் பாதை, வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு.

தோழர்களே! உங்கள் ஊரில் யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் அடிபட்டார் என்று எழுதி வையுங்கள். மே 1 கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்துத் தீர்மானம் போடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். தீர்மானத்தை அவர் கையில் கொடுத்து, எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்று எழுத்தில் கேளுங்கள்.