பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் திரும்ப வேண்டும்

மதிப்பிற்குரிய ஒன்றியக் கல்வி அமைச்சர் அவர்களுக்கும், என்.சி.இ.ஆர்.டி. இயக்குநர் அவர்களுக்கும்,

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடத்தை ‘மரபு’ என்று சுருக்கிவிட்டீர்கள். கொரோனாக் காலத்தில் மாணவர் சுமையைக் குறைக்க என்று காரணம் சொன்னீர்கள். கொரோனா போய்விட்டது, பரிணாமம் திரும்பவில்லை. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்கிறீர்கள். அது உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டும். வணிகவியலுக்குப் போகும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புதான் கடைசி வாய்ப்பு. தமிழ்நாட்டு மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்புக்கே இதைத் தனிப் பாடமாக வைத்தார்கள், பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள்.

இந்தப் பாடம் என்றதும் பதற்றம் வருவதற்குக் காரணம், நான்கு கருத்துகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான். உயிரினங்கள் தலைமுறைதோறும் மாறுகின்றன என்பது முதலாவது. மருந்துக்கு மசியாத காசநோய்க் கிருமியிடம் மருத்துவர்கள் காண்பது இதைத்தான். எல்லா உயிர்களும் பொது மூதாதையிலிருந்து கிளைத்தவை என்பது இரண்டாவது, புதைபடிவங்களும் டி.என்.ஏ.வும் அதற்குச் சாட்சி. அந்த மாற்றத்தை நடத்துவதில் இயற்கைத் தேர்வுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது மூன்றாவது. இது 1859-இல் டார்வின் விரித்துரைத்தது. ‘ஆகவே கடவுள் இல்லை’ என்பது நான்காவது. முதல் மூன்றும் சான்றுகளைக் கொண்டு சோதிக்கக்கூடியவை. நான்காவதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் தத்துவம். ஆய்வகம் அதற்குத் தீர்ப்புச் சொல்லாது. பரிணாமத்தைக் காட்டிக் கடவுளை மறுக்கும் அறிவியலாளரும், கடவுளைக் காட்டிப் பரிணாமத்தை மறுக்கும் பக்தரும் இந்த எல்லையைத்தான் தாண்டுகிறார்கள்.

தாண்டாதவர்களும் உண்டு. நவீனப் பரிணாம உயிரியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான தியடோசியஸ் டப்சான்ஸ்கி கடவுள் நம்பிக்கையுள்ள கிறித்தவர். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பாலே ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டில் 2018-இல் அன்றைய ஒன்றிய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக முன்னோர் யாரும் சொல்லவில்லை, எனவே டார்வின் சொன்னது தவறு என்றார். இன்றைய குரங்கு நாளை மனிதனாகும் என்று டார்வின் சொல்லவே இல்லை. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அமைச்சருக்கே வந்த இந்தக் குழப்பம் பிள்ளைகளுக்கு வராமல் தடுக்க வேண்டியது நீங்கள் நீக்கிய பாடம்தான்.

புதிய பாடநூல்கள் படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றன. பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமத்தைத் திரும்பச் சேருங்கள். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகள் கடவுளைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் பகுத்தறிவு பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பாடம் சமமாகத் தேவை.

இப்படிக்கு,
அறிவியல் எழுத்தாளர் ஒருவர்